படம் அழிந்தது, ஒலி மிஞ்சியது: ‘டாக்டர் ஹூ’ ரசிகர் டேப்கள் – நிகழ்வு ஆய்வு

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை தொடங்கியது. 1969 ஜூன் வரை கறுப்பு வெள்ளையில் 253 எபிசோடுகள் வந்தன. 2013-ல் நைஜீரியாவில் ஒரே மூச்சில் ஒன்பது எபிசோடுகள் கிடைத்தன. அதற்குப் பிறகும் 97 எபிசோடுகளுக்குப் படம் இல்லாமலே இருந்தது. ஆனால் அந்த 97-க்கும் ஒலி இருக்கிறது, ஒன்றுகூட விடுபடவில்லை. பிபிசியின் கிடங்கில் இருந்து வந்ததில்லை அது. சனிக்கிழமை மாலையில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த சில ரசிகர்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, சேர்த்துவைத்தது.

தொலைந்த எபிசோட் ஒன்று கிடைத்தால் பத்திரிகையில் தலைப்புச் செய்தி. ஒலி டேப்பைப் பற்றி அப்படி யாரும் எழுதுவதில்லை. வேலை செய்பவர்கள் கணக்கோ வேறு. ஒலி இருந்தால் நிழற்படம், ஸ்கிரிப்ட், அனிமேஷன் எதை வேண்டுமானாலும் அதன்மேல் ஏற்றலாம். ஒலி இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் ஆல்பம்.

அழித்தது ஏன்

நிகழ்ச்சி பதிவானது 2 அங்குல அகல வீடியோ டேப்பில். அந்த டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நடிகர் சங்கமான ஈக்விட்டியுடன் இருந்த ஒப்பந்தம் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. காலக்கெடு தாண்டிய எபிசோடைப் போட வேண்டுமென்றால் மறுபடி பேரம் பேசிப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் வீடியோ பார்க்கும் காலம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கலர் வந்ததும் பழைய கறுப்பு வெள்ளைக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று. 1967-லேயே அழிப்பு தொடங்கிவிட்டது. 253 எபிசோடுகளின் அசல் வீடியோ டேப்பில் ஒன்றுகூட இன்று இல்லை.

மிஞ்சிய படத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு விற்பனைக்காக 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த பிரதிகள். மானிட்டர் திரையை ஃபிலிம் கேமராவால் படமெடுப்பதுதான் அந்த முறை. ஒரு நாடு ஒளிபரப்பி முடித்ததும் அடுத்த நாட்டுக்கு அனுப்பும், அல்லது அழித்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும். விற்பனை உரிமை முடிந்த பிரதிகளை பிபிசியின் விற்பனைப் பிரிவும் 1978 வரை குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபிலிம் நூலகம், பொறியியல் பிரிவு, விற்பனைப் பிரிவு என மூன்று இடம். ‘இன்னொரு பிரிவில் இருக்கும்’ என்று ஒவ்வொன்றும் நினைத்ததில்தான் பெரும்பங்கு போனது. தனியாக ஓர் ஆவணத் தேர்வாளரை, சூ மால்டன் என்பவரை, பிபிசி நியமித்தது 1978-ல். அதே ஆண்டில்தான் இயன் லெவின் என்ற ரசிகர் உள்ளே போய், டாலெக் எனும் இயந்திர உடல் வில்லன்கள் வரும் முதல் கதை அழிவதைத் தடுத்தார்.

சில எபிசோடுகளுக்கு ஃபிலிம் தேடுவதே வீண். ‘டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்’ கதையின் ஏழாம் எபிசோட் 1965 கிறிஸ்துமஸ் அன்று வந்த வேடிக்கை அத்தியாயம். வெளிநாட்டுக்கு விற்கவே இல்லை. அதற்கு ஒலி மட்டுமே கதி.

வரவேற்பறையில் நடந்த வேலை

வீடியோ ரெக்கார்டர் வீட்டுக்கு வராத காலம். எபிசோடைத் திரும்ப அனுபவிக்க ஒரே வழி சத்தத்தைப் பிடித்துவைப்பது. பிரிட்டிஷ் வீடுகளில் இருந்தது கால் அங்குல டேப் ஓடும் ரீல் ரெக்கார்டர்: கிரண்டிக், பிலிப்ஸ், ஃபெர்குசன் மாதிரி கம்பெனிகளுடையது. பதிவு செய்ய இரண்டு வழி.

முதல் வழி, மைக்கை டிவி ஸ்பீக்கர் எதிரே வைப்பது. பிடிக்கக் கூடாததெல்லாம் மைக் பிடிக்கும். கதவு, தேநீர்க் கோப்பை, தம்பியின் கேள்வி, எல்லாம் கதைக்குள் வந்துவிடும். மைக் தள்ளிப் போகப் போக அறையின் எதிரொலி கூடி வசனம் குழம்பும். ஒரு சாண் தூரத்துக்குள், மைக்குக்கு அடியில் மடித்த துணியோடு வைத்தவர்களின் டேப்தான் இன்று கேட்கும்படி இருக்கிறது. டிவி மேசைமேலேயே ரெக்கார்டரையும் வைத்தவர்களுக்கு மோட்டார் உறுமல் இலவசம்.

மைக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. அன்றைய பிபிசி 1 சேனலின் படம் 405 வரிகள், வினாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 10,125. அந்த அதிர்வெண்ணில் டிவிப் பெட்டியின் மின்மாற்றி விடாமல் விசிலடிக்கும். சிறுவர் முதல் நடுவயதினர் வரை யார் காதுக்கும் எட்டும் கீச்சுச் சத்தம் அது. டேப்பில் அதுவும் ஏறியது. பின்னாளில் அதுவே பெரிய உதவியானது. அதைக் கீழே சொல்கிறோம்.

இரண்டாவது வழி, டிவியின் ஒலிச் சுற்றிலிருந்து கம்பி இழுத்து நேராக ரெக்கார்டருக்குக் கொடுப்பது. தரத்தில் மைக் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆபத்தும் அதே அளவு. அக்கால பிரிட்டிஷ் டிவிப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பின் ஒரு முனை உலோகச் சட்டத்திலேயே சேர்ந்திருக்கும். பிளக் தலைகீழாக மாட்டப்பட்டால் சட்டத்தில் முழு மின்சாரமும் நிற்கும், ரெக்கார்டரைத் தொடுகிற கைக்கும் வரும். விவரம் தெரிந்தவர்கள் ஸ்பீக்கருக்குப் போகும் மின்மாற்றியின் வெளிச்சுற்றிலிருந்து மட்டும் கம்பி எடுத்தார்கள். அங்கேயும் ஒரு முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், அளவு. ஸ்பீக்கரில் சில வோல்ட் வரும். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். அப்படியே கொடுத்தால் குரல் கிழியும். நடுவில் 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளைத் தொடராகப் போட்டு, சிறியதன் மேலிருந்து எடுத்தால் சமிக்ஞை நூறில் ஒன்றாகக் குறையும். காசளவில் ஒன்றுமில்லாத இந்த வேலையைச் செய்தவர், செய்யாதவர் டேப்களை இன்று பக்கத்தில் வைத்துக் கேட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

எந்த வழியானாலும் தப்பாத ஒன்று, தெருவில் போகும் வண்டி. 405 வரி முறையில் ஒலி ஏஎம் வகையில் வந்ததால் மோட்டார் சைக்கிளின் தீப்பொறி ஒவ்வொன்றும் ‘பட்பட்’ என்று டேப்பில் பதிந்தது.

டேப் கணக்கு

வீட்டு ரெக்கார்டர்கள் வினாடிக்கு 7½, 3¾, 1⅞ அங்குலம் என்ற வேகங்களில் ஓடின. 25 நிமிட எபிசோடுக்கு 3¾ வேகத்தில் ஏறக்குறைய 470 அடி டேப் வேண்டும். 5 அங்குல ரீலில் சாதாரண டேப் 600 அடி, அதாவது 32 நிமிடம். ஒரு பக்கத்தில் ஓர் எபிசோட் அடங்கி ஏழு நிமிடம் மிச்சமிருக்கும். டேப் அகலத்தில் பாதியில் மட்டும் பதியும் அரை டிராக் மிஷினில் திருப்பிப் போட்டால் இரண்டு எபிசோட், கால் டிராக்கில் நான்கு.

கைச்செலவுக்குக் கிடைத்த காசில் டேப் வாங்கிய பிள்ளைகள் 1⅞ பக்கம் சாய்ந்தது நியாயம்தான். நேரம் இரட்டிப்பாகும். ஆனால் உயர் அதிர்வெண் போய்விடும்; ‘ஸ’, ‘ஷ’ மங்கி வசனம் போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகும். கால் டிராக்கும் 1⅞-ம் சேர்ந்த டேப்தான் மீட்பாளருக்கு வரக்கூடிய மோசமான சரக்கு. டேப் தீர்ந்தபோது ரசிகரும் பிபிசி செய்ததையே செய்தார்: பழைய எபிசோடின் மேலேயே புதியதைப் பதிந்தார். கடைசியில் எல்லா எபிசோடும் தேறியதற்குக் காரணம், ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே மாலையில் ஒரே வேலையைச் செய்ததுதான். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்தார்.

நகலின் நகல்

1970-களிலும் 80-களிலும் இந்தப் பதிவுகள் கேசட்டாகக் கைமாறின. ஒரே தரமான மிஷின்களில் ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் இரைச்சல் ஏறும். முதல் நகலிலேயே சுமார் 3 டெசிபெல். வேகத் தள்ளாட்டமும் கூடும். பத்துப் பேர் கையில் பத்து டேப் இருந்தாலும் அத்தனையும் ஒரே அசலின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி, பிழைகளை ஒப்பிடுவது. ஒரே இடத்தில் ஒரே இருமல் கேட்டால் அசலும் ஒன்றே. இப்படி வடிகட்டி, நிஜமாகவே வேறு வேறு வீடுகளில் பதிவானவை எவை என்று பட்டியல் போட்ட பிறகுதான் அசல் வைத்திருப்பவரைத் தேடிப் போக முடிந்தது. ஆரம்பத்தில் புழக்கத்தில் இருந்த மங்கலான நகலைக் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதான் தேறும்’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பிறகு கம்பி இழுத்துப் பதிந்த அசல் ரீல்கள் வந்தபோது பல கதைகளுக்கு ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி கிடைத்தது.

சரிசெய்தல்

பிபிசி 1990-களில் இந்த ஒலிகளைக் கேசட்டாகவும் பிறகு குறுந்தகடாகவும் வெளியிட்டது. சீரமைப்பில் பெரும்பகுதி இசையமைப்பாளர் மார்க் ஏயர்ஸ் கையில். வேலையின் வரிசை இப்படிப் போகும்.

முதலில் டேப் எந்த டிராக் அமைப்பு என்று பார்க்க வேண்டும். கால் டிராக் டேப்பை, ஒலியைப் படிக்கும் அகலமான தலையில் ஓட்டினால் மறுபக்கத்து எபிசோட் பின்னோக்கிப் பேசுவதும் சேர்ந்து கேட்கும். பிறகு தலையின் சாய்வு. பதிந்த மிஷினின் தலை எவ்வளவு கோணலாக இருந்ததோ அதே கோணலுக்கு ஓட்டும் மிஷினின் தலையைத் திருப்ப வேண்டும். உயர் ஒலிகள் எங்கே திறந்துகொள்கின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு கணினியில் ‘ட்ரெபிள்’ ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். மொத்த மீட்பில் அதிகப் பலன் தரும் வேலை, ஒரு திருகாணியால் செய்யும் இந்த வேலைதான்.

அடுத்து வேகம். இங்கேதான் அந்த விசில் கைகொடுக்கிறது. டிவி விசில் 10,125-ல் இருந்தாக வேண்டும். டேப்பில் அது 9,923-ல் கேட்டால் டேப் 2 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. விசில் ஏறாத டேப்பில் 50 ஹெர்ட்ஸ் மின் உறுமலை அளவுகோலாக வைக்கலாம். மின்சார வாரியத்தின் 50 எல்லா மாலையும் சரியாக 50-ஆக இருக்காது. ஆகவே விசில்தான் நம்பகமானது. வேகம் சரியான பிறகே விசிலை வெட்ட வேண்டும், உறுமலையும் அதன் மடங்குகளான 100, 150-ஐயும் எடுக்க வேண்டும். முதலில் சுத்தம் செய்துவிட்டால் அளவுகோலே போய்விடும்.

இரைச்சல் நீக்குவதில் கை தாராளம் கூடாது. மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகும். இந்தத் தொடரில் கூடுதல் கண்ணி ஒன்று உண்டு: டாலெக்கின் குரல். நடிகரின் குரலை 30 ஹெர்ட்ஸ் அலையோடு வளைய மாடுலேட்டர் என்ற மின்சுற்றில் கலந்து பிபிசியின் ஒலிக் கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் உண்டாக்கியது அது. மென்பொருளுக்கு அந்த நடுக்கமும் ஒரு குறையாகவே படலாம். டாலெக் பேசும் பகுதிகளைத் தனியாகப் பிரித்துக் கையால் செய்வதே பாதுகாப்பு.

இரண்டு பதிவுகள் இருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஓட்டலாமே என்று தோன்றும். முடியாது. இரண்டின் வேகமும் நொடிக்கு நொடி வேறாக அலைவதால் ஒலி குழாய்க்குள் போனது போலாகிவிடும். நல்லதை அடிப்படையாக வைத்து, இருமல் விழுந்த இடத்துக்கு மட்டும் மற்றதிலிருந்து ஒட்டுப்போட வேண்டும், சொற்களுக்கு இடையில் உள்ள மௌனத்தில் வெட்டி. தொடக்க இசைக்கும் தெரிந்த பின்னணி ஒலிகளுக்கும் பிபிசியின் மின்னணு ஒலி ஸ்டூடியோவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பின் அசல் டேப்களிலிருந்து தூய பிரதி கிடைக்கும். அவற்றை அதே இடத்தில் வைத்துவிடலாம். ரான் கிரெய்னரின் மெட்டை டீலியா டெர்பிஷர் டேப் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய அந்தத் தொடக்க இசை, ரசிகர் டேப்பில் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் கவலை இல்லை.

வசனமே இல்லாத காட்சிகளுக்கு வெறும் காலடிச் சத்தமும் இசையும் மட்டும் கேட்கும். அதனால் குறுந்தகடுகளில் அந்தக் கால நடிகர்களே வந்து இணைப்பு விவரணை சொன்னார்கள். டாக்டரின் தோழன் ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸ் பல கதைகளுக்குக் குரல் கொடுத்தார். வசனத்தின் மேல் ஏறாமல் இடைவெளியில் நுழைந்து வெளியேறும் அந்த விவரணையை எழுதுவது லேசான வேலை இல்லை.

ஒலிமேல் ஏற்றிய படங்கள்

ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர், 1940-களின் இறுதியிலிருந்து 1968 வரை டிவித் திரையை நேரடியாகப் படமெடுத்து இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்றார். கேமரா மூடி 1/25 வினாடிக்குக் குறைவாகத் திறந்தால் திரையில் பாதிப் படமே விழும். அதிகம் திறந்தால் அசைவு கலங்கும். ஓர் எபிசோடுக்குச் சுமார் 60–70 படங்கள். அவற்றின் பெரிய தொகுப்பு 1990-களில் கேவர்ஷாமில் உள்ள பிபிசி எழுத்து ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ‘மார்க்கோ போலோ’ கதையின் படங்கள் அதன் இயக்குநர் வாரிஸ் ஹுசேனிடமே இருந்தன.

இந்தப் படங்களையும் ரசிகர் ஒலியையும் சேர்த்து ‘மறுகட்டமைப்பு’ வீடியோக்கள் செய்தவர்களும் ரசிகர்களே. லூஸ் கேனன் குழு இவற்றில் பெயர்பெற்றது. கணக்குப் போட்டால் சிக்கல் புரியும்: 25 நிமிடத்துக்கு 60 படம் என்றால் ஒரு படம் 25 வினாடி நிற்கும். பார்க்கிறவர் தூங்கிவிடுவார். எந்த வசனத்துக்கு எந்த கேமரா என்று கேமரா ஸ்கிரிப்டில் ஷாட் எண்ணோடு இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு படத்தின் இடத்தையும் குறித்து, இடைவெளிகளை விளம்பரப் படங்களாலும் ஒட்டுப் படங்களாலும் நிரப்பினார்கள். வெற்று விஎச்எஸ் கேசட்டும் திரும்ப அனுப்பத் தபால் செலவும் கொடுத்தால் போதும், லாபம் கிடையாது. பிபிசி கண்டுகொள்ளாமல் விட்டதற்கு அந்த நெறி முக்கியக் காரணம் என்றே கொள்ளலாம்.

அசையும் படத்திலும் துணுக்குகள் உண்டு. ஆஸ்திரேலிய ரசிகர் ஒருவர் 8 மி.மீ. கேமராவால் டிவித் திரையைச் சில வினாடிகள் எடுத்துவைத்திருந்தார். அதைவிட விசித்திரம் ஆஸ்திரேலியத் தணிக்கை. குழந்தைகளுக்குப் பயம் தரும் என்று வெட்டிய துண்டுகளைத் தணிக்கையாளர்கள் கோப்பில் வைத்திருந்தார்கள். 1996-ல் ரசிகர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்தார்கள். முழு எபிசோட் போய்விட்டது, வெட்டியது மட்டும் இருக்கிறது. ‘ஃபியூரி ஃப்ரம் தி டீப்’ கதையில் இரண்டு ஆட்கள் வாயை அகலத் திறந்து ஒரு பெண்மேல் நச்சுவாயு ஊதும் காட்சியை இன்று பார்க்க முடிவது, அதைப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் கத்தரித்ததால்தான்.

2006-ல் ‘தி இன்வேஷன்’ கதையின் இரண்டு எபிசோடுகளை காஸ்குரோவ் ஹால் நிறுவனம் அனிமேஷனாக்கியது. 2016 நவம்பர் 5 அன்று, முதல் ஒளிபரப்பின் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், ‘பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஆறு எபிசோடும் அனிமேஷனாக வந்தது. படத்தின் தரம் பற்றி ரசிகர்களிடையே சண்டை ஓயவில்லை. ஓவியம் விறைப்பாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டனின் நடிப்பு அங்கே முகத்தில் இல்லை, டேப்பில் இருக்கிறது. அது 1966-ல் பேசியபடியே இருக்கிறது.

நிறம் மீட்டதிலும் ரசிகர் பங்கு உண்டு. 1971-ல் வந்த ‘தி டீமன்ஸ்’ கதையில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை ஃபிலிமாகவே மிஞ்சியது. அமெரிக்காவில் வீட்டு வீடியோவில் பதிந்த கலர்ப் பிரதி ஒன்று இருந்தது, தெளிவு குறைவு. ஃபிலிமின் கூர்மையான வெளிச்சத்தின் மேல் வீடியோவின் நிறத்தை மட்டும் ஏற்றி 1992-ல் கலருக்குக் கொண்டுவந்தார்கள். கண் நுணுக்கத்தை வெளிச்சத்தில்தான் தேடும், நிறம் கொஞ்சம் கசிந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பலவீனத்தில் நிற்கிறது முழு வித்தையும். இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் ஓரங்களில் நிறம் வழிவதைச் சரிக்கட்டியதுதான் கடும் உழைப்பு.

பழைய ரீல் ஒன்று கிடைத்தால்

பரணில் கிடக்கும் ரீலை அங்கேயே மிஷினில் மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. முதலில் முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால் அசிடேட் டேப் சிதையத் தொடங்கிவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே ரீலைப் பக்கவாட்டில் பிடித்தால் அசிடேட் ஒளியை விடும், பாலியெஸ்டர் இருண்டு நிற்கும். அசிடேட் மொரமொரத்து அறுபடும். அறுந்ததை நேர்த்தியாக ஒட்டலாம். பாலியெஸ்டர் அறாமல் இழுபடும், இழுபட்டது திரும்பாது. டேப்பைச் சுடவைத்து மீட்கும் முறை பிற்கால ஒட்டுப்பசைக் கோளாறுக்கு மட்டுமே. அசிடேட்டைச் சுட்டால் அத்தோடு முடிந்தது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், தூக்கியும் எறிய வேண்டாம். எபிசோடின் பெயரும் மிஷினின் வேகமும் அங்கேதான் கிறுக்கியிருப்பார்கள். பல ஆண்டுகள் ஒரே சுற்றில் கிடந்ததால் பக்கத்துச் சுற்றின் சத்தம் ஒட்டிக்கொண்டு, வசனத்துக்கு முன்பே அதன் மெல்லிய சாயல் கேட்கும். ஓட்டுவதற்கு முன் இரண்டு மூன்று முறை மெதுவாகச் சுற்றி எடுத்தால் குறையும். வேகமாகச் சுற்றும் பொத்தானை அழுத்த வேண்டாம். தவறி அழுத்திவிடாதபடி, பதியும் பொத்தானின் மேல் முதலில் ஒரு செல்லோடேப் துண்டை ஒட்டிவிடுங்கள்.